கீமோ மருந்திலிருந்து சிறுநீரகத்தைக் காக்க மூலிகைச் சாரம் கொடுக்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு சிஸ்பிளாட்டின் தொடங்கப் போகிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மூக்கிரட்டை, மஞ்சள், கருஞ்சீரகம், மில்க் திஸில் இவற்றின் சாரம் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று ஏகப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன? ஏற்கெனவே சில நாட்களாக ஒரு கேப்சூல் கொடுத்து வருகிறோம்."

நேராகச் சொல்லிவிடுகிறேன்: கீமோ நடக்கும் காலத்தில் இவற்றை மருந்தளவில் கொடுக்க வேண்டாம். நீங்கள் படித்த கட்டுரைகள் பொய்யல்ல. ஆனால் அவை விடை சொல்லும் கேள்வி வேறு, உங்கள் அப்பாவுக்குத் தேவையான கேள்வி வேறு. கீமோ மருந்துச் சீட்டுகளைச் சரிபார்க்கும் மருந்தாளுநராக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் கலந்த ஒரு சேர்மம். 19-ஆம் நூற்றாண்டிலேயே தயாரிக்கப்பட்டது என்றாலும், செல் பிரிவதை அது தடுக்கும் என்பது 1965-ல் பார்னெட் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி பாக்டீரியாவில் மின்சாரத்தின் விளைவை ஆராய்ந்தபோது தற்செயலாகத் தெரியவந்தது. மின்சாரம் பாய்ச்சப் பயன்படுத்திய பிளாட்டினக் கம்பியிலிருந்து கரைந்து வந்ததுதான் அந்த வேலையைச் செய்தது. 1978-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய மனிதச் சோதனைகளில் சிறுநீரகச் சேதம் அவ்வளவு அதிகமாக இருந்ததால், மருந்தையே கைவிட்டுவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. கடைசியில் அதைக் காப்பாற்றியது புது மருந்து எதுவும் இல்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் நரம்பு வழியாக ஏராளமாக உப்புநீர் ஏற்றும் முறைதான். இன்றைக்கும் அதுதான் முதல் பாதுகாப்பு. அப்படியும் சிஸ்பிளாட்டின் பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏதோ ஓர் அளவில் சிறுநீரகப் பாதிப்பு வருகிறது. அதனால் உங்கள் கவலை நியாயமானது.

சிறுநீரகம் ஏன் குறிப்பாக அடிபடுகிறது? வடிகட்டிய நீரிலிருந்து வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நுண்குழாய்கள் சிறுநீரகத்தில் இருக்கின்றன. அந்தக் குழாய்ச் செல்களின் ரத்தப் பக்கச் சுவரில் ஓசிடி2 என்றொரு கடத்திப் புரதம் உண்டு. அது சிஸ்பிளாட்டினை முந்திக்கொண்டு இழுத்து உள்ளே போடும். அதனால் அந்தச் செல்களுக்குள் மருந்தின் அடர்த்தி ரத்தத்தில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு வரை ஏறிவிடுகிறது. ரத்தத்தில் குளோரைடு நிறைய இருக்கும்வரை மருந்து ஓரளவு அடங்கியே இருக்கும். குளோரைடு குறைந்த செல்லுக்குள் போனதும் குளோரைடை உதறிவிட்டு வினைபுரியத் தொடங்கும். டிஎன்ஏ, மைட்டோகாண்ட்ரியா என்று கிடைத்ததில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்கள், எதோடும் வினைபுரிந்து செல்லைக் கெடுக்கும் துகள்கள்) பெருகும், அழற்சி கிளம்பும், செல் சாகும்.

ஆக்சிஜன் தனி உறுப்புகள் என்ற இடத்தில்தான் மூலிகைகள் உள்ளே வருகின்றன. மஞ்சளின் குர்குமின், கருஞ்சீரகத்தின் தைமோகுவினோன், மில்க் திஸிலின் சிலிமரின், பச்சைத் தேயிலையின் கேட்டசின் எல்லாமே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். சேதம் ஆக்சிஜனேற்றத்தால் வருகிறது, இவை அதைத் தடுக்கின்றன, ஆகவே காக்கும். கணக்கு கச்சிதமாக இருக்கிறது. எலியிலும் பெரும்பாலும் அப்படியே நடக்கிறது.

அந்த எலிச் சோதனை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். இளம் வயது, ஆரோக்கியமான எலிகள். ஒரு குழுவுக்குச் சாரத்தை ஒரு வாரம் பத்து நாள் முன்பிருந்தே குழாய் வழியாக வயிற்றில் செலுத்துவார்கள். பிறகு எல்லா எலிக்கும் வயிற்றறையில் ஒரே ஒரு ஊசி சிஸ்பிளாட்டின்: எலி என்றால் கிலோவுக்கு 5 முதல் 7 மி.கி. அளவில், சுண்டெலி என்றால் 20 மி.கி. வரை. உப்புநீர் ஏற்றுவது பெரும்பாலும் கிடையாது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் கொன்று சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்து, சிறுநீரகத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைப்பார்கள். சாரம் குடித்த எலிகளின் கிரியாட்டினின் குறைந்திருக்கும். கட்டுரை தயார்.

இதில் முக்கியமான ஒன்று இல்லாததைக் கவனித்தீர்களா? பெரும்பாலான சோதனைகளில் அந்த எலிக்குப் புற்றுநோயே இல்லை.

மருந்து சிறுநீரகச் செல்லைக் கொல்லாமல் சாரம் தடுத்தது, சரி. அதே சாரம் கட்டியின் செல்லையும் மருந்திடமிருந்து தடுத்ததா? கட்டி இல்லாத எலியில் அதற்கு விடையே கிடைக்காது. உங்கள் அப்பா சிஸ்பிளாட்டின் எடுப்பதே கட்டியைக் கொல்லத்தான். சிறுநீரகம் நன்றாக இருந்து கட்டி வளர்ந்தால் யாருக்கு என்ன லாபம்? விதிவிலக்குகள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1997-ல் வந்த தைமோகுவினோன் ஆய்வு ஒன்றில் கட்டியுள்ள சுண்டெலிகளையும் வைத்துப் பார்த்தார்கள். அங்கே சிஸ்பிளாட்டினின் வீரியம் குறையவில்லை, கூடியது. நல்ல சேதிதான். ஆனால் அது ஒரு வகைக் கட்டி, சுத்தமான ஒற்றைப் பொருள், சுண்டெலி. அதை வைத்துக்கொண்டு கருஞ்சீரக எண்ணெய் கேப்சூலை ஒரு மனிதருக்கு எழுதிக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

இது வெறும் ஊகப் பயமா என்று கேட்டால், இல்லை என்று காட்ட ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதுவும் மூலிகை அல்ல, அங்கீகரிக்கப்பட்ட மருந்து. சோடியம் தயோசல்ஃபேட் சிஸ்பிளாட்டினோடு நேரடியாகப் பிணைந்து அதை முடக்கக்கூடியது. சிஸ்பிளாட்டின் பெறும் குழந்தைகளுக்குக் காது கேளாமல் போவதைத் தடுக்க அதைச் சோதித்தார்கள். காது காக்கப்பட்டது. ஆனால் 2017-ல் வெளியான ஒரு சோதனையில், நோய் உடலில் பரவியிருந்த குழந்தைகளில் இதைப் பெற்றவர்கள் உயிர் பிழைத்த விகிதம் பெறாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. 2022-ல் அமெரிக்காவில் அனுமதி தந்தபோது நோய் பரவாத, ஓரிடத்துக் கட்டிகளுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். அதுவும் சிஸ்பிளாட்டின் ஏறி முடிந்து 6 மணி நேரம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். மருந்து கட்டியில் தன் வேலையைச் செய்ய நேரம் விட வேண்டும் என்பதற்காக. இவ்வளவு துல்லியமாக அளந்து கொடுக்கும் ஒரு பொருளுக்கே இந்தக் கட்டுப்பாடு. காலையும் மாலையும் இரண்டிரண்டு கேப்சூல் என்று போடும் சாரத்துக்கு இந்த நேரக் கணக்கெல்லாம் யார் பார்த்தது?

ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் விஷயத்தில் மனிதரிடமிருந்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 1,134 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளிவந்தது. கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள் எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. புள்ளியியல்படி உறுதி என்று சொல்லும் கோட்டை அது சற்றே தொடவில்லை. அவர்கள் பெற்ற கீமோ மருந்துகளும் சிஸ்பிளாட்டின் அல்ல. இருந்தாலும் "எடுத்தால் நல்லது, எடுக்காவிட்டால் நட்டமில்லை" என்று இனிச் சொல்ல முடியாது.

அப்புறம் அளவு. எலி ஆய்வுகளில் சாரம் கிலோவுக்கு 200 முதல் 500 மி.கி. வரை போவது சாதாரணம். 400 என்று வைத்துக்கொள்வோம். எலிக்கும் மனிதருக்கும் உடல் மேற்பரப்பை ஒப்பிட்டு மாற்றும் வழக்கமான கணக்கில் இதை 6.2-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்குச் சுமார் 65 மி.கி. வருகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் ஏறத்தாழ 3.9 கிராம் செறிந்த சாரம். 500 மி.கி. கேப்சூல் என்றால் நாளுக்கு எட்டு. பத்தில் ஒரு பங்கு சாரம் தேறும் செடி என்றால் கிட்டத்தட்ட 40 கிராம் காய்ந்த மூலிகை, தினமும். வாந்தியும் குமட்டலுமாக இருக்கும் ஒருவருக்கு இதை எப்படிக் கொடுப்பீர்கள்? குறைத்துக் கொடுத்தால், எலியில் கிடைத்த பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை.

குர்குமின் இதில் இன்னொரு சிக்கல். வாய்வழி எடுத்தால் பெரும்பகுதி உடலில் ஏறுவதில்லை. ஏறுவதையும் குடலும் கல்லீரலும் சட்டென்று மாற்றி வெளியேற்றிவிடும். அதனால்தான் மிளகின் பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். 1998-ல் வந்த சிறு ஆய்வு ஒன்று 20 மி.கி. பைப்பரின் சேர்த்தால் மனிதரில் குர்குமின் ஏறுவது 20 மடங்கு கூடும் என்று காட்டியது. விளம்பரங்களில் பார்க்கும் 2000 சதவீதம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பைப்பரின் அதை எப்படிச் சாதிக்கிறது? மருந்துகளை உடைக்கும் நொதிகளையும் செல்லிலிருந்து வெளியே தள்ளும் புரதங்களையும் தடுத்து. அதே நொதிகளை நம்பித்தான் டோசிடாக்சல், எட்டோபோசைட் போன்ற பல கீமோ மருந்துகள் உடலை விட்டு வெளியேறுகின்றன. சிஸ்பிளாட்டின் பெரும்பாலும் தனியாக வராது, இப்படி ஏதாவது ஒன்றோடு சேர்ந்துதான் வரும். குர்குமினுக்குத் திறந்துவிட்ட கதவு மற்ற மருந்தின் அளவையும் எகிறச் செய்யலாம்.

எதிர்த்திசையிலும் நடக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இரினோடெக்கான் என்ற கீமோ மருந்தின் செயல்படும் வடிவத்தை ரத்தத்தில் 42 சதவீதம் குறைத்ததை மனிதரிலேயே அளந்திருக்கிறார்கள். பச்சைத் தேயிலையின் முக்கியக் கேட்டசின் போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வது ஆய்வகத்திலும் விலங்கிலும் தெரிந்தது. மருந்தைத் தடுத்தால் பக்கவிளைவும் குறையத்தானே செய்யும்? எலிச் சோதனையில் அதுவும் "பாதுகாப்பு" என்றே பதிவாகும்.

மனிதரில் நேரடியாகப் பார்த்தார்களா என்றால், கொஞ்சம் பார்த்திருக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் பெறுபவர்களுக்குத் தினம் 420 மி.கி. சிலிமரின் கொடுத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சிறு சோதனை ஒன்று 2015-ல் வெளியானது. சிறுநீரகப் பாதிப்பும் குறையவில்லை, மெக்னீசியம் சிறுநீரில் வீணாவதும் குறையவில்லை. எலியில் அழகாக வேலை செய்த அதே பொருள். இப்படிச் சிறு சோதனைகள் மற்ற பொருட்களுக்கும் உண்டு. சிலவற்றில் கிரியாட்டினின் சற்று நன்றாக இருந்தது, சிலவற்றில் இல்லை. இவற்றை வைத்து எந்தச் சிகிச்சை நெறிமுறையும் எந்த மூலிகைச் சாரத்தையும் பரிந்துரைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது: சிறுநீரகத்தைக் காக்க எடுப்பதே அதைக் கெடுப்பது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மாத்திரை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. மாத்திரையில் இருக்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி ஒன்று கலந்துவிட்டிருந்தது. நூறுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் இன்று மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் இதே இனம்தான். கலவைச் சூரணம் ஏதாவது கையில் இருந்தால் முதலில் இந்த இரண்டு பெயர்களைத் தேடுங்கள்.

மஞ்சள் மாத்திரையில் ஆக்சலேட் கணிசமாக இருக்கும். நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அதிமதுரம் பொட்டாசியத்தை இழக்க வைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். சிஸ்பிளாட்டினே மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் வடியவிடும் மருந்து. சீந்திலால் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வுகள் அண்மை ஆண்டுகளில் வெளியாகியிருக்கின்றன. இணையத்தில் விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகள் 193-ஐச் சோதித்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. ஈயமும் பாதரசமும் போய்ச் சேரும் இடங்களில் சிறுநீரக நுண்குழாயும் ஒன்று. கீமோவால் ரத்த வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் கொதிக்க வைக்காத பச்சைச் சூரணத்தில் இருக்கும் பூஞ்சை வேறு கவலை.

மூக்கிரட்டை, நெருஞ்சில் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இவை சிறுநீரைப் பெருக்கும் என்பதால் சிறுநீரகத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. சிறுநீர் அதிகம் போவதும் சிறுநீரகம் காக்கப்படுவதும் ஒன்றல்ல. சிஸ்பிளாட்டின் பாதிப்பின் தொடக்கத்தில் சிறுநீர் பெரும்பாலும் குறைவதுகூட இல்லை, நிறையவே போகும். அது குழாய் அடிபட்டதன் அறிகுறி. வாந்தியில் ஏற்கெனவே நீர் இழந்தவருக்கு, உள்ளே திரவம் ஏற்றாமல் வெளியேற்றுவதை மட்டும் கூட்டினால் உடல் வற்றும், பாதிப்பு கூடும்.

சரி, என்ன செய்தால் உண்மையில் காக்கும்? உப்புநீர்தான் அடித்தளம். அது குழாயில் மருந்து தங்கும் நேரத்தைக் குறைக்கிறது. தேவையான குளோரைடையும் தருகிறது. அதோடு மெக்னீசியம். உடலில் மெக்னீசியம் குறைந்தால் நான் மேலே சொன்ன ஓசிடி2 புரதம் கூடுகிறது, மருந்து இன்னும் அதிகமாக உள்ளே போகிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டின. சிஸ்பிளாட்டினோடு மெக்னீசியம் ஏற்றியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு குறைவாக இருந்ததை மனித ஆய்வுகளும் காட்டுகின்றன. மூலிகைகளிடம் நீங்கள் எதிர்பார்க்கும் வேலையை, அலட்டிக்கொள்ளாமல் செய்யும் சாதாரண உப்பு இது. உங்கள் அப்பாவின் கீமோ குறிப்பில் மெக்னீசியம் எழுதியிருக்கிறதா, ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ரத்தத்தில் அதைப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

வலி மாத்திரைகள் அடுத்தது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மூட்டு வலி என்று வீட்டில் கிடப்பதை எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாடிக், சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் சாயம் ஆகியவை கீமோவை ஒட்டி வந்தால், சிஸ்பிளாட்டின் எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகைகளைக் கீமோ நாட்களில் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுக்கலாம் என்று வைக்காமல் எழுதிய நேரத்தில் கொடுப்பதும் சிறுநீரகப் பாதுகாப்புதான். வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில நாட்கள் நீர் நன்றாகக் குடிக்க வேண்டும். எவ்வளவு என்பதை இதயத்தின் நிலை பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு எல்லையில்லாமல் நீர் கொடுப்பது ஆபத்து.

கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது தசையிலிருந்து வருவது. நோயால் மெலிந்தவரிடம் சிறுநீரகம் சற்றுக் குறைந்திருந்தாலும் கிரியாட்டினின் சாதாரணமாகத் தெரியும். வயது, எடை எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டு வேகத்தைக் (ஜி.எஃப்.ஆர்.) கேளுங்கள். அது ஏற்கெனவே குறைவு என்றால், சில புற்றுநோய்களில் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் அதே குடும்பத்துக் கார்போபிளாட்டின் கொடுக்க முடியும். அதன் அளவையே வடிகட்டு வேகத்தை வைத்துத்தான் போடுவார்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் அது சமமான மாற்று அல்ல. விந்தகப் புற்றுநோயில் சிஸ்பிளாட்டினை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மற்ற கீமோ மருந்துகளுக்குக் கதை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் படிகமாகி குழாயை அடைக்கும். அங்கே சிறுநீரைக் காரமாக்குவதுதான் பாதுகாப்பு, அந்த நாட்களில் சிறுநீரை அமிலமாக்கும் எதையும் மாத்திரையாகக் கொடுக்கக் கூடாது. இஃபோஸ்ஃபமைடோடு தரும் மெஸ்னா சிறுநீர்ப்பையைக் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது. ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு வழியில் கெடுக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே மூலிகை காப்பு என்பது பொருந்தவில்லை.

சமையலில் சேரும் மஞ்சள், இஞ்சி, மிளகு இவற்றை நிறுத்தத் தேவையில்லை. நான் பேசுவதெல்லாம் சாரம், கேப்சூல், செறிந்த கஷாயம் பற்றி. கீமோ முடிந்து சில மாதங்கள் கழித்து ஏதாவது எடுக்க விரும்பினால் அது வேறு பேச்சு. அப்போதும் சிறுநீரகம், கல்லீரல் அளவுகளைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

கடைசியாக, ஏற்கெனவே கொடுத்து வரும் கேப்சூல். இன்றோடு நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவமனைக்குப் போங்கள். பெயரை மட்டும் சொன்னால் போதாது. உள்ளே என்னென்ன, எத்தனை மில்லிகிராம், பைப்பரின் உண்டா என்பதெல்லாம் லேபிளில்தான் இருக்கும். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். முதல் சுற்றுக்கு முன் கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம், கல்லீரல் நொதிகள் ஒருமுறை பார்த்துவிட்டால், பின்னால் ஏதாவது ஏறினால் அது கேப்சூலாலா மருந்தாலா என்று குழம்ப வேண்டியிருக்காது. முதல் ஊசிக்குப் பிறகு ஒருநாள் முழுக்க எதுவும் குடிக்க முடியாத அளவு வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், கால் முகம் வீக்கம், தசை இழுத்துப் பிடித்தல், கைகால் மரத்துத் துடித்தல் ஏதாவது வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.